உதட்டுக் கொப்புளமும் சமூகப் பழியும்: ஹேர்ப்பீஸ் வைரசின் பரவல் குறித்த ஒரு நோக்கு

1

உதட்டோரத்தில் ஓரிரு நாள் தினவும் எரிவும் தோன்றுகின்றன. அதனையடுத்து நீர்கோத்த சிறு கொப்புளங்கள் கொத்தாக எழுகின்றன. அவை உடைந்து, கசிந்து, பொருக்குக் கட்டி, பெரும்பாலும் ஏழு முதல் பத்து நாள்களில் வடுவேதுமின்றி மறைந்துவிடுகின்றன. காய்ச்சலோடு வருவது கண்டு இதனைக் காய்ச்சற் கொப்புளம் என்பாரும் உளர். ஆங்கிலத்தில் இதற்கு வழங்கும் பெயர் தடிமனோடு தொடர்புபடுத்தி அமைந்தது. உண்மையில் இதனைத் தோற்றுவிப்பது காய்ச்சலுமன்று, தடிமனுமன்று. ஹேர்ப்பீஸ் சிம்பிளெக்ஸ் என்னும் வைரசே.

மருத்துவ நோக்கில் இது பொதுவாகச் சிறியதொரு நோயே. ஆயின் இதே வைரசோ, இதன் உடன்பிறப்பெனத்தக்க மற்றொரு வகையோ உடலின் மறைவிடத்தில் கொப்புளமாக வெளிப்படும்போது அது நோயாகக் கொள்ளப்படுவதில்லை. ஒழுக்கத்தின் மீதான தீர்ப்பாகவே கொள்ளப்படுகின்றது. "யாரிடமிருந்து வந்தது?" என்ற வினா எழுகின்றது. வினாவுக்குரிய விடை பெரும்பாலும் முன்கூட்டியே முடிவுசெய்யப்பட்டிருக்கும். அம்முடிவின் சுமை பெண்ணின் தலையிலேயே பெரிதும் ஏற்றப்படும். ஒரே கிருமி ஓரிடத்தில் புண்ணாகவும் மற்றோரிடத்தில் பழியாகவும் ஆவது எவ்வாறு?

இவ்வினா மருத்துவருக்கு மட்டும் உரியதன்று. சொற்களும் உருவகங்களும் சமூகத்தில் எவ்வாறு தொழிற்படுகின்றன என்பதை ஆராய்வோனுக்கும் உரியது. இலக்கிய மாணவன் ஒருவன் வைரசு பற்றி எழுதப் புகுவதற்கு இதுவே நியாயம். இக்கட்டுரை இரண்டு பரவல்களைப் பற்றியது. ஒன்று வைரசின் பரவல். மற்றையது அதுபற்றிய பழியின் பரவல். முன்னதற்கு உயிரியல் விதிகள் உண்டு. பின்னதற்கு வரலாறு உண்டு. இவ்விரண்டையும் பிரித்தறியாதவிடத்து முன்னதைத் தடுக்கவும் இயலாது, பின்னதைக் களையவும் இயலாது என்பதே இங்கு வற்புறுத்தப்படுவதாகும்.

2

முதற்கண் பெயர்களை நோக்குவோம். 'ஹேர்ப்பீஸ்' என்பது ஊர்தல், தவழ்தல் எனப் பொருள்படும் கிரேக்க வினையடியாகப் பிறந்த சொல். ஹிப்பொகிறட்டீசின் பெயரால் வழங்கும் மருத்துவ நூல்களிலேயே இச்சொல் காணப்படுகின்றது. ஆயினும் அங்கு அது தோலில் ஊர்ந்து படரும் பலவகைப் புண்களைக் குறித்ததேயன்றி, இன்று நாம் கருதும் ஒரு தனி நோயைக் குறித்ததன்று. கிரேக்கச் சொல்லின் வேரும் 'சர்ப்பம்' என்னும் வடசொல்லின் வேரும் ஒன்றே. ஆயுர்வேத நூல்கள் படரும் தோல்நோயொன்றுக்கு 'விசர்ப்பம்' என்று பெயரிட்டமையும் அவ்வேரிலிருந்தே. பாம்பு ஊர்வதுபோல நோய் ஊர்கின்றது என்ற காட்சியனுபவமே இரு மரபுகளிலும் பெயராகியுள்ளது.

தமிழ் வழக்கில் உள்ள 'அக்கி' என்ற சொல் பிறிதோர் அனுபவத்திலிருந்து பிறந்தது. அது தீயைக் குறிக்கும் 'அக்கினி'யோடு தொடர்புடையது. எரிச்சலே இங்குப் பெயரானது. தமிழகத்துச் சிற்றூர்களில் அக்கி கண்டவர்களுக்குக் குயவர் காவிமண் குழைத்து 'அக்கி எழுதும்' வழக்கம் பலரும் அறிந்தது. ஆனால் மக்கள் அக்கி என்று அழைப்பது ஒரு நோயன்று. இடுப்பிலோ மார்பிலோ ஒரு பக்கமாகப் பட்டைபோற் படர்வது பெரும்பாலும் வேறொரு வைரசினால் வருவது. கொப்பளிப்பான் எனப்படும் சின்னம்மையை உண்டாக்கும் அதே வைரசு பல்லாண்டுகளின் பின் மீண்டெழுவதன் விளைவு அது. உதட்டுக் கொப்புளத்தை உண்டாக்கும் வைரசு அதே குடும்பத்தைச் சேர்ந்ததாயினும் வேறானது. இவ்விரண்டையும் ஒரே பெயராற் சுட்டுவதால் மயக்கம் உண்டாகின்றது.

மயக்கத்தைத் தவிர்த்தற்பொருட்டு இன்னொரு வேறுபாட்டையும் கூறவேண்டும். வாயினுள்ளே கன்னத்திலும் நாவிலும் வெண்ணிறக் குழிகளாகத் தோன்றும் சாதாரண வாய்ப்புண் இவ்வைரசினால் வருவதன்று; பிறருக்குத் தொற்றுவதுமன்று. கடைவாயில் தோல் வெடித்துப் புண்ணாவதும் வேறு காரணங்களால் நிகழ்வதே. உதட்டின் விளிம்பிலோ அதனையடுத்த தோலிலோ கொத்தாகக் கொப்புளித்து, பெரும்பாலும் அதே இடத்தில் மீண்டும் மீண்டும் வருவதே நாம் இங்கு ஆராயும் நோய்.

3

இந்நோயின் பழமைபற்றிப் பேசுவோர் எடுத்துக்காட்டும் சான்றுகள் சில உள. அவற்றை மூலபாட ஆய்வுக்கு உட்படுத்துதல் தகும். உரோமப் பேரரசன் தைபீரியஸ் உதட்டுக் கொப்புளம் பரவியதனால் முத்தமிடுதலைத் தடைசெய்தான் என்பது மருத்துவ நூல்கள் பலவற்றில் திரும்பத் திரும்ப இடம்பெறும் செய்தி. ஆயின் மூலங்கள் கூறுவது வேறு. வரலாற்றாசிரியர் சுவெற்றோனியஸ், அன்றாட முத்த வணக்கத்தை அம்மன்னன் ஆணையிட்டுத் தடுத்தான் என்று மட்டுமே கூறுகின்றார். நோயைக் காரணமாகக் காட்டவில்லை. மூத்த பிளினி முத்தத்தினாற் பரவிய முகநோயொன்றை விவரிக்கின்றார்; அது தைபீரியசின் காலத்தது என்றே பெரும்பாலும் கொள்ளப்படுகின்றது. பிற்காலத்தார் இவ்விரு செய்திகளையும் இணைத்து, அம்முகநோயே ஹேர்ப்பீஸ் என்று முடிவுகட்டினர். நாடியில் தொடங்கி முகமெங்கும் பரவியதாகப் பிளினி கூறும் நோய் உதட்டுக் கொப்புளத்தோடு எளிதிற் பொருந்துவதன்று.

எனினும் பிளினியின் குறிப்பில் நமக்குப் பயன்படும் செய்தியொன்று உண்டு. அந்நோய் பெண்களையும் அடிமைகளையும் கீழ்நிலை, நடுநிலை மக்களையும் தீண்டவில்லை என்றும், உயர்குடியினரிடையேதான் முத்தத்தின் வழியாக விரைந்து பரவிற்று என்றும் அவர் எழுதுகின்றார். முத்தமிட்டு வணங்குதல் உயர்குடி ஆடவரிடையே நிலவிய வழக்கமாதலால் நோயும் அவ்வழக்கத்தின் எல்லைக்குள் நின்றது. தொற்று எப்போதும் சமூக உறவுகளின் தடத்திலேயே செல்கின்றது என்பதற்கு இதைவிடத் தெளிவான பழஞ்சான்று கிடைப்பதரிது.

அண்மைக்கால விவாதமொன்றும் குறிப்பிடத்தக்கது. 2022ஆம் ஆண்டில் ஆய்வாளர் குழுவொன்று பண்டைய மனிதரின் பற்களிலிருந்து இவ்வைரசின் நான்கு மரபணுத் தொகுதிகளை மீட்டெடுத்தது. இன்று பரவியுள்ள முதலாம் வகை வைரசின் கிளைகள் ஏறத்தாழ 5,000 ஆண்டுகளுக்கு முன், வெண்கலக் காலத்தில் தோன்றியிருக்கலாம் என அக்குழுவினர் கணித்தனர். மக்கட் பெயர்ச்சியோடு, காதல் முத்தம் என்னும் புதிய வழக்கமும் இதற்குத் துணைபோயிருக்கக்கூடும் என்பது அவர்தம் ஊகம். முத்தம் பற்றிய மிகப் பழைய சான்று தென்னாசிய வெண்கலக் கால நூலொன்றிலேயே உள்ளது என்று அவர்கள் கருதினர். இதற்கு மறுப்பு 2023இல் மொழிநூலாரின் பக்கமிருந்து வந்தது. கி.மு. 2500 அளவிலேயே மெசப்பொத்தேமிய ஆப்பெழுத்துச் சாசனங்கள் முத்தத்தைச் சாதாரண வழக்கமாகக் குறிக்கின்றன என்றும், ஆதலின் அது திடீரெனத் தோன்றி நோய்ப் பரவலைத் தூண்டிய புதுமையாக இருத்தல் இயலாது என்றும் அவர்கள் காட்டினர். உயிரியலாரின் ஊகத்தைக் களிமண் பலகைகள் திருத்தின. மானிடவியற் கல்வி அறிவியலுக்கு அலங்காரம் மட்டுமே என்று கருதுவோர் இதனைச் சிந்தித்தல் நன்று.

4

இனி வைரசின் இயல்பினைப் பார்ப்போம். ஹேர்ப்பீஸ் சிம்பிளெக்ஸில் இரு வகைகள் உள. முதலாம் வகை பெரும்பாலும் வாயையும் உதட்டையும் பற்றுவது. இரண்டாம் வகை பெரும்பாலும் பாலுறுப்புகளைப் பற்றுவது. 'பெரும்பாலும்' என்ற சொல் இங்கு முக்கியமானது. எவ்வகையும் எவ்விடத்தையும் பற்றவல்லது.

வைரசு உதட்டின் மென்தோல் வழியாகவோ, கண்ணுக்குப் புலப்படாத சிறு வெடிப்பின் வழியாகவோ உட்புகுகின்றது. மேலணிக் கலங்களுக்குள் பெருகி அவற்றை அழிக்கின்றது. பின்னர் உணர்ச்சி நரம்பின் முனையினுட் சென்று, நரம்பிழையின் வழியே மேனோக்கிப் பயணஞ்செய்து, நரம்புக் கலங்களின் உடல்கள் திரண்டிருக்கும் இடத்தை அடைகின்றது. முகத்துக்கு உணர்ச்சி தரும் முப்பிரி நரம்பின் திரட்டு காதுக்கு முன்னே மண்டையோட்டின் அடித்தளத்தில் உள்ளது. முதலாம் வகை வைரசின் உறைவிடம் பெரும்பாலும் அதுவே. அங்கே அது பெருகுவதில்லை. நரம்புக் கலத்தைக் கொல்வதுமில்லை. புரதங்களை ஆக்காது உறங்கிக் கிடப்பதால் உடலின் நிர்ப்பீடனத் தொகுதி அதனை இனங்கண்டு ஒழிக்க முடிவதில்லை. வாழ்நாள் முழுவதும் அது அங்கேயே தங்கிவிடுகின்றது.

காய்ச்சல், கடும் வெயில், களைப்பு, மன அழுத்தம், மாதவிடாய், நோயெதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்துகள் முதலியன உறங்கும் வைரசை எழுப்பக்கூடும். அவ்வேளையில் அது வந்தவழியே கீழிறங்கித் தோலை அடைந்து மீண்டும் பெருகுகின்றது. கொப்புளம் தோன்றுமுன் உணரப்படும் தினவும் குறுகுறுப்பும் இவ்வருகையின் அறிகுறிகளே. உறக்கத்திலே பூச்சி கடித்தது என்று நாம் கருதுவது உண்மையில் நமது நரம்பினுள்ளிருந்தே வந்தது. பழைய தொற்று மீண்டெழுவதற்குப் புதிதாக எவரையும் தீண்டவேண்டிய தேவை இல்லை.

இவ்வறிவு ஒரே நாளில் கிட்டியதன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க அறுவை மருத்துவர் ஹார்வி குஷிங், முப்பிரி நரம்புத்திரட்டில் அறுவை செய்யப்பட்டவர்களுக்கு முகத்தில் கொப்புளங்கள் எழுவதைக் கவனித்தார். 1919இல் லோவென்ஸ்டைன் கொப்புள நீரை முயலின் விழிவெண்படலத்தில் இட்டு, அது தொற்றக்கூடியது என்பதனை நிறுவினார். 1929இல் குட்பாஸ்ச்சர், வைரசு நரம்புவழிச் சென்று திரட்டில் தங்குகின்றது என்ற கருத்தை முன்வைத்தார். ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளின் பின்னரே, 1971இல், ஸ்டீவன்ஸ், குக் ஆகிய இருவரும் எலிகளின் நரம்புத்திரட்டில் உறங்கும் வைரசைப் பரிசோதனை வாயிலாகக் காட்டினர். அடுத்துவந்த ஈராண்டுகளுக்குள் மனிதரின் முப்பிரி நரம்புத்திரட்டிலும் அது கண்டறியப்பட்டது.

5

வைரசு ஒருவரிடமிருந்து மற்றவருக்குச் செல்வது நேரடித் தொடுகையினாலேயே. கொப்புளத்தின் நீரிலும், உமிழ்நீரிலும், வாயைச் சூழ்ந்த தோலிலும் அது உள்ளது. கொப்புளம் உடையும் காலத்தில் தொற்றும் ஆற்றல் மிகுதி. ஆயின் புண்ணேதும் இல்லாதபோதும் இடையிடையே வைரசு உமிழ்நீரில் வெளிப்படுகின்றது. இப்பரவலின் திறவுகோல் இதுவே. தொற்றுடையோருள் பெரும்பாலானோர் தமக்குத் தொற்று உண்டென்பதையே அறியார். அறியாமலே பெற்றனர், அறியாமலே வழங்குகின்றனர். மேசை, கதவுப் பிடி, கழிப்பறை இருக்கை போன்ற உலர்ந்த பரப்புகளில் அது நெடுநேரம் வீரியத்துடன் நிலைப்பதில்லையாதலால் அவ்வழிகளில் தொற்றுமென அஞ்சவேண்டியதில்லை. உமிழ்நீர் ஈரம் காயாத கோப்பை, துவாய் முதலியவற்றை உடனே பகிர்வதைப் புண் உள்ளபோது தவிர்த்தல் போதுமானது.

முதற்றொற்று பெரும்பாலும் குழந்தைப் பருவத்திலேயே நிகழ்கின்றது. தாயின் முத்தம், பேத்தியின் கன்னத்தில் பாட்டி பதிக்கும் முத்தம், ஒரே கோப்பையில் அருந்தும் உடன்பிறந்தோர் எனக் குடும்பத்தின் அன்றாட அன்பின் வழியாகவே அது செல்கின்றது. பெரும்பாலான குழந்தைகளுக்கு எவ்வித அறிகுறியும் தோன்றுவதில்லை. சிலருக்குக் காய்ச்சலும் ஈறு வீக்கமும் வாயெங்கும் புண்களும் உண்டாகும். உணவும் நீரும் உட்கொள்ள மறுக்கும் அக்குழந்தைகளுக்கு நீரிழப்பு ஏற்படாது பார்த்துக்கொள்ளல் அவசியம்.

உலக சுகாதார தாபனத்தின் மதிப்பீட்டின்படி 2020ஆம் ஆண்டில் 50 வயதுக்குட்பட்டோருள் ஏறத்தாழ 380 கோடிப் பேர், அதாவது 64 சதவீதத்தினர், முதலாம் வகைத் தொற்றுடையோர். 15 முதல் 49 வயது வரையினருள் ஏறத்தாழ 52 கோடிப் பேர், அதாவது 13 சதவீதத்தினர், இரண்டாம் வகைத் தொற்றுடையோர். மனித குலத்தின் பெரும்பான்மையினரிடம் உள்ளதொன்றை ஒரு சிலரின் ஒழுக்கக்கேட்டுக்கு அடையாளமாகக் கொள்வது எத்துணைப் பொருந்தாமை என்பதை இவ்வெண்களே உணர்த்தும்.

எனினும் இவ்வெண்கள் சமமாகப் பரந்து கிடப்பன அல்ல. 1939இல் அவுஸ்திரேலியாவின் மெல்பேர்ண் நகரில் பேர்னெற், டோரா லஷ் ஆகிய இருவரும் மனிதக் குருதிநீரில் இவ்வைரசுக்கெதிரான பிறபொருளெதிரிகளைத் தேடினர். பொது வைத்தியசாலை நோயாளரிடையே அவை மிகப் பரவலாகவும், பல்கலைக்கழகக் கல்வி பெற்றோரிடையே அதனினும் மிகக் குறைவாகவும் காணப்பட்டன. அதே காலத்தில் பேர்னெற்றும் வேறோர் ஆய்வாளரும், இளமையிலே பெறப்படும் தொற்று வாழ்நாள் முழுவதும் நீடிக்கின்றது என்ற விளக்கத்தையும் தந்தனர். வர்க்க வேறுபாடு குருதியிலும் எழுதப்பட்டிருந்தது எனலாம்.

இதனைத் தவறாக விளங்கிக்கொள்ளல் ஆகாது. வறியோர் அசுத்தமானவர் என்பதற்கு இது சான்றன்று. ஓரறையில் ஒன்பது பேர் உறங்கும் வீட்டில் ஒருவரின் உமிழ்நீர் மற்றவரைச் சேரும் வாய்ப்பு மிகுதி. தனியறையும் தனிக்கட்டிலும் தனித்தட்டும் உடைய குழந்தைக்கு அது குறைவு. வேறுபாடு பழக்கத்திலன்று, இடத்தில், இடமோ வருமானத்தில். 1848இல் மேற்சிலேசியாவின் தைபசுக் காய்ச்சலை ஆராயச் சென்ற ருடொல்ப் விர்ச்சோ, நோய்க்கு மருந்தாகக் கல்வியையும் சுதந்திரத்தையும் நல்வாழ்வையும் விதந்துரைத்தார். அவர் கண்ட உண்மை இச்சிறு கொப்புளத்துக்கும் பொருந்தும்.

ஆயின் வரலாறு நேர்கோட்டிற் செல்வதில்லை. வாழ்க்கைத்தரம் உயர்ந்த நாடுகளில் குழந்தைப் பருவத் தொற்றுக் குறைந்துவருகின்றது. ஐக்கிய அமெரிக்காவில் 14 முதல் 49 வயது வரையினரிடையே முதலாம் வகைத் தொற்று 1999-2000 ஆண்டுகளில் 59.4 சதவீதமாக இருந்து 2015-2016 ஆண்டுகளில் 48.1 சதவீதமாகக் குறைந்தது. இதன் விளைவாக, குழந்தைப் பருவத்தில் தொற்றப்பெறாத இளைஞர், அதற்கெதிரான பிறபொருளெதிரிகள் இல்லாமலே பாலுறவு வாழ்வுக்குள் நுழைகின்றனர். வாய்வழிப் பாலுறவினால் அவர்களுக்கு முதலாம் வகை வைரசு பாலுறுப்பில் முதன்முதலாகத் தொற்றுகின்றது. அத்தகைய நாடுகளில் இளைஞரிடையே புதிதாகத் தோன்றும் பாலுறுப்பு ஹேர்ப்பீசுக்கு இப்போது முதலாம் வகையே பெருங்காரணமாகியுள்ளது. ஒரு நன்மையே பிறிதொரு சிக்கலைப் பிறப்பிக்கும் இம்முரண்பாடு இயங்கியலை அறிந்தார்க்கு வியப்பளிக்காது. 'மேலே முதல் வகை, கீழே இரண்டாம் வகை; முன்னது குற்றமற்றது, பின்னது குற்றமுடையது' என்ற பழைய பாகுபாடு உயிரியலளவிலேயே தகர்ந்துவிட்டது.

தொழிலும் தொற்றுக்கு வழிவகுக்கின்றது. நோயாளரின் வாயில் வெறுங்கையோடு பணிசெய்த பல் வைத்தியர்க்கும் தாதியர்க்கும் விரல்நுனியில் வேதனைமிக்க ஹேர்ப்பீஸ் புண் உண்டாவது மருத்துவத்துறை நன்கறிந்த தொழில்நோய். கையுறை வழக்கமான பின்னரே அது அருகியது. மற்போர் வீரரிடையே தோலுடன் தோல் உராய்வதால் முகத்திலும் கழுத்திலும் இது பரவுவதுண்டு. 1989இல் ஐக்கிய அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் நடந்த மற்போர்ப் பயிற்சி முகாமொன்றில் 175 பேரில் 60 பேருக்கு இந்நோய் கண்டது. இவர்களின் ஒழுக்கத்தை எவரும் ஐயுறவில்லை என்பது கவனிக்கத்தக்கது.

6

இப்போது இரண்டாவது பரவலுக்கு வருவோம். 1980ஆம் ஆண்டு அமெரிக்க வார இதழான 'டைம்' பாலுறுப்பு ஹேர்ப்பீசைப் புதிய பாலியற் தொழுநோய் என வருணித்தது. 1982 ஆகஸ்டில் அதே இதழ் தன் முகப்பிலே அதனை இன்றைய செந்நிற எழுத்து என்று அறிவித்தது. இவ்விரு உருவகங்களும் ஆராயத்தக்கன. முதலாவது, ஏற்கெனவே பழிக்கு ஆளாக்கப்பட்ட ஒரு நோயாளர் கூட்டத்தின் துன்பத்தைக் கடன்வாங்கி மற்றொரு கூட்டத்தின் மீது சுமத்துகின்றது. இரண்டாவது, நதானியல் ஹோதோர்ண் 1850இல் வெளியிட்ட நாவலிலிருந்து எடுக்கப்பட்டது. தூய்மைவாதிகளின் பொஸ்டன் நகரில், மணஉறவுக்குப் புறம்பே குழந்தை பெற்ற பெண்ணொருத்தி தன் மார்பில் செந்நிற எழுத்தொன்றை அணியுமாறு தண்டிக்கப்படுகின்றாள். உறவில் பங்குகொண்ட மதகுருவோ ஊரின் மதிப்புக்குரியவனாக மறைந்து வாழ்கின்றான். நாவலின் விசாரணைக்கு உள்ளாவது அப்பெண்ணன்று. எழுத்தைத் தைத்த சமூகமே. பத்திரிகையோ அவ்விசாரணையை விட்டுவிட்டு எழுத்தை மட்டும் எடுத்துக்கொண்டது. இலக்கியத்தின் விமரிசனம் சந்தையில் முத்திரையாக மாறியது.

இப்பழி ஏன் அக்காலத்தில் எழுந்தது? அறுபதுகளிலும் எழுபதுகளிலும் மேற்குலகில் பெண்விடுதலை இயக்கமும் கருத்தடை மாத்திரையும் பழைய குடும்ப ஒழுங்கை அசைத்திருந்தன. எண்பதுகளில் அதற்கெதிரான அரசியல், சமயப் பிற்போக்கு வலிமை பெற்றது. குணமாகாத ஒரு பாலுறவுத் தொற்று அப்பிற்போக்குக்கு வாய்ப்பான உவமையாயிற்று.

இதே காலத்தில், 1982இல், பரோஸ் வெல்கம் நிறுவனத்தின் அசைக்குளோவிர் என்னும் மருந்து ஐக்கிய அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இதனை வைத்து, பழியே மருந்து விற்பதற்காக நிறுவனத்தால் புனையப்பட்டது என்று கூறுவோர் உளர். முற்போக்காளர் சிலருக்கு இவ்விளக்கம் உவப்பானது. ஆயின் கால வரிசை இதற்கு இடந்தரவில்லை. இதழ்களின் கூக்குரல் மருந்துக்கு முந்தியது. சந்தை, இருந்த அச்சத்தைப் பயன்படுத்திக்கொள்ளும். எல்லா அச்சத்தையும் அதுவே படைக்கின்றது என்பது பொருள்முதல்வாதமன்று, சதிவாதமே. பால் ஒழுக்கம் பற்றிய பழைய கருத்தியல் அங்கு ஏற்கெனவே இருந்தது என்பதை மறந்துவிடலாகாது.

மருந்தின் சிறப்பையும் மறுத்தல் தகாது. அசைக்குளோவிர் வைரசுக்குரிய ஒரு நொதியத்தினாலேயே செயலூக்கம் பெறுவதால் தொற்றுற்ற கலங்களில் மட்டுமே பெரிதும் தொழிற்பட்டு, வைரசின் மரபுப்பொருள் ஆக்கத்தை இடைநிறுத்துகின்றது. அதனை உருவாக்கிய குழுவோடு இணைந்த கேர்ட்றூட் எலியன், பெண் என்பதால் இளமையில் ஆய்வுகூட வேலை மறுக்கப்பட்டவர். கலாநிதிப் பட்டத்துக்கான ஆய்வை நிறைவுசெய்யாதவர். 1988இல் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். இன்று அம்மருந்து உலக சுகாதார தாபனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ளது. எனினும் பெருகும் வைரசையே அது தடுக்கும். உறங்கும் வைரசை அழிக்காது. தடுப்பூசி இதுவரை நடைமுறைக்கு வரவில்லை.

சூசன் சொன்டாக் 1978இல் நோயும் உருவகமும் பற்றி எழுதிய நூலில், நோயை உருவகங்களிலிருந்து விடுவித்துப் பார்ப்பதே நேர்மையான வழி என்று வாதித்தார். புற்றுநோயையும் காசநோயையும் முன்வைத்து அவர் கூறியது இங்கும் பொருந்துவதாகும்.

7

பழியை மறுப்பது எச்சரிக்கையை மறுப்பதாகாது. நோயை உள்ளவாறு அறிந்தவரே அதனை உரியவாறு தடுக்கவல்லவர்.

உதட்டில் குறுகுறுப்புத் தொடங்கிய நேரத்திலிருந்து பொருக்கு முற்றாக உதிரும்வரை முத்தமிடுதலையும் வாய்வழிப் பாலுறவையும் தவிர்த்தல் வேண்டும். புண்ணைத் தொட்ட கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவவேண்டும். அக்கையால் கண்ணைத் தொடலாகாது. கண்ணின் விழிவெண்படலத்தைப் பற்றும் ஹேர்ப்பீஸ் பார்வையிழப்புக்குக் காரணமாகக்கூடியது. கரப்பன் உடையோரின் தோலில் இவ்வைரசு வேகமாகப் பரவும். எல்லாவற்றுக்கும் மேலாக, பிறந்து சில வாரங்களேயான சிசுவை உதட்டுக் கொப்புளம் உடையவர் முத்தமிடவே கூடாது. சிசுவின் நோயெதிர்ப்பாற்றல் முதிர்ச்சியடையாதது. அரிதாயினும், அத்தொற்று மூளையையும் ஈரலையும் தாக்கி உயிரைப் பறிக்கக்கூடும். வீட்டுக்கு வரும் உற்றாரிடம் இதனைக் கூறுதல் அவமதிப்பன்று. கருவுற்றிருப்போருக்குப் பிற்பகுதி மாதங்களில் முதன்முறையாகப் பாலுறுப்பு ஹேர்ப்பீஸ் ஏற்படின் மருத்துவரிடம் உடனே தெரிவித்தல் வேண்டும். பிரசவமுறையை அதற்கேற்பத் தீர்மானிக்க முடியும். ஆணுறை தொற்றைக் குறைக்கும், முற்றாகத் தடுக்காது. இரண்டாம் வகைத் தொற்று எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பையும் கூட்டுகின்றது. மருந்து குறுகுறுப்பு நிலையிலேயே தொடங்கப்படின் பயன் மிகுதி. இரண்டு வாரத்தில் ஆறாத புண், கண்வலி, அடிக்கடி மீளும் கொப்புளங்கள் ஆகியவற்றுக்கு மருத்துவ ஆலோசனை தேவை.

இறுதியாக, இக்கட்டுரையின் தொடக்கத்தில் எழுந்த "யாரிடமிருந்து வந்தது?" என்ற வினாவுக்குத் திரும்புவோம். முதற்றொற்றுக்கும் முதற் கொப்புளத்துக்குமிடையே பல்லாண்டுகள் கழியக்கூடும். பாட்டியின் முத்தத்தில் வந்த வைரசு முப்பதாவது வயதில் உதட்டில் தோன்றலாம். திருமணத்துக்கு முன்னரே பெறப்பட்டு, எவரும் அறியாதிருந்த தொற்று, இருபதாண்டு இல்வாழ்வின் பின் முதன்முதலாக வெளிப்படலாம். குருதிப் பரிசோதனை, உடல் இவ்வைரசை என்றோ சந்தித்தது என்று மட்டுமே சொல்லும். எப்போது, எவரிடமிருந்து, உடலின் எவ்விடத்தில் என்பவற்றை அது சொல்லாது. ஆதலின் கொப்புளத்தைச் சான்றாக வைத்து ஒருவரது, சிறப்பாக ஒரு பெண்ணினது, நடத்தைமீது தீர்ப்பு வழங்க முற்படுவோர்க்கு மருத்துவ அறிவியல் எவ்விதத் துணையும் நல்காது. அத்தீர்ப்பு வழங்கப்படுமாயின் அது ஆய்வுகூடத்திலிருந்து வந்ததன்று. தீர்ப்பளிப்போரின் மனத்தில் முன்பே இருந்தது.

வைரசை நரம்புத்திரட்டிலிருந்து அகற்றும் வழி இன்னும் கண்டறியப்படவில்லை. பழியை மக்களின் மனத்திலிருந்து அகற்றுவதற்கு அத்தகைய கண்டுபிடிப்பு எதற்காகவும் காத்திருக்கவேண்டியதில்லை. அப்பணி ஆசிரியரும் எழுத்தாளரும் வைத்தியரும் இன்றே செய்யக்கூடியது.